சம்மதம் சொல்லப்போகிறவள் யார்

மகளே,

நீ தமிழை மெதுவாகத்தான் படிப்பாய். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், வேலை பார்ப்பது பாதி ஆங்கிலத்தில்; வீட்டில் பேசுவதோடு உன் தமிழ் நின்றுவிட்டது. அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். வேகமாகப் படிக்க முடிந்தால் பாதியிலேயே எனக்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். அந்தக் குணம் என்னிடமிருந்து வந்தது என்பதால் குறையாகச் சொல்லவில்லை. உன் நிக்காஹுக்கு இன்னும் சில வாரங்கள்தான். வீடு முழுக்கப் புதிதாக அடித்த வெள்ளையின் வாசனை. உங்கம்மா பாத்திரங்களை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டு, எது நமக்கு, எது உனக்கு என்று பிரித்துக்கொண்டிருக்கிறாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியும் இன்று காலை உன் பக்கம் போய்விட்டது. ஜன்னல் கட்டையில் தாளை வைத்து எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த பத்திரிகையின் ஞாயிறு பக்கத்துக்கு, மகளைக் கல்யாணம் செய்துகொடுக்கும் தகப்பன் என்ற முறையில் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நகை, சீர், பிரியாணி பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை படகில் நீ கேட்ட கேள்வியை எழுதலாமா என்று உன்னைக் கேட்டேன். நீ, "எழுதுங்க அத்தா. வேற வீடுகள்லயும் இது நடக்கும்ல. ஆனா எம்பேரு வேண்டாம். எழுதி முடிச்சு எனக்குக் காட்டணும்" என்றாய். பெயர் சொல்ல விரும்பாதவர்களை வேலைக்காலம் முழுக்கக் காப்பாற்றியவன் நான். உன்னையும் காப்பாற்றுவேன்.

அன்று நாம் இடப்பள்ளியில் மாப்பிள்ளைக்குச் சட்டை எடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். மட்டாஞ்சேரிப் படகில் உனக்கு ஜன்னல் ஓர இடம் கிடைத்தது. சட்டைப் பையை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, முகத்தைத் திருப்பாமலே, நிக்காஹுக்கு முன்னால், மனச்சோர்வுக்குச் சாப்பிடுகிற மாத்திரையை நிறுத்திவிடப் போவதாகச் சொன்னாய். டாக்டர் சொன்னாரா என்று கேட்டேன். இல்லை என்றாய். நான் பேச வாய் எடுப்பதற்குள், நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது உனக்குத் தெரிந்துவிட்டது. "கண்ணாடிக் கதையை மட்டும் சொல்லாதீங்க அத்தா. கண்ணு பரிசோதிக்கிற வேலை எனக்கு. கண்ணாடி போட்டா நீங்க மாறிப்போகமாட்டீங்க, நல்லாத் தெரியும், அவ்வளவுதான்னு தினமும் நாலு பேருக்கு நானே சொல்றேன். கண்ணாடி மூக்கு மேல இருக்கு. இது எனக்குள்ள போகுது."

உண்மையாகவே நான் அந்தக் கதையைத்தான் சொல்ல இருந்தேன்.

பிறகு நீ கேட்டாய்: "நீங்க ரெண்டு சாட்சியோட உள்ள வந்து, இந்த நிக்காஹ் உனக்குச் சம்மதமான்னு கேப்பீங்க. அப்போ சம்மதம்னு சொல்றது நானா, மாத்திரையா?" சுய புத்தி இல்லாமல் சொன்ன சம்மதம் செல்லாது என்று மதரஸாவில் படித்ததையும் எனக்கு நினைவுபடுத்தினாய். உன் சிநேகிதியின் கல்யாணத்தில் எல்லாரும் அழுதபோது உனக்கு மட்டும் கண்ணீர் வரவில்லை என்றும், அழுகை வரவேண்டிய இடத்தில் ஒரு மேசையைப் போல உட்கார்ந்திருந்தாய் என்றும் சொன்னாய். "என் நிக்காஹ்ல நான் அழணும் அத்தா. அது நானா இருக்கணும்" என்றாய். அதற்குள் படகு கரையை அடைந்துவிட்டது. படகுக்காரர் கயிற்றை வீசினார். எல்லாரும் எழுந்தார்கள். மனிதர்களைக் கேள்வி கேட்டே வயிறு வளர்த்தவன், மகள் கேட்ட ஒரு கேள்விக்கு "பார்த்து இறங்கு" என்று மட்டும் சொன்னேன். இந்தக் கடிதம் அந்தப் பதிலின் மிச்சம்.

முதலில், உனக்கு முடியாமல் போன நாட்களுக்குப் போகிறேன். நீ வேலைக்குப் போவதை நிறுத்தி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த நாட்கள். அப்போது நான் செய்ததை நினைத்து நீ இன்றைக்கும் சிரிப்பாய். ஒரு கட்டடம் இடிந்தால் எப்படி விசாரிப்பேனோ அப்படி விசாரித்தேன். கண்ணாடிக் கடையில் உன்னோடு வேலை பார்க்கும் பெண்ணிடம் பேசினேன். உன் பழைய விடுதிக்குப் போய் வார்டனைப் பார்த்தேன். பள்ளுருத்தியில் உன் சிநேகிதி வீட்டுக்குப் போய்ச் சாயா குடித்துக்கொண்டே அவளைச் சுற்றி வளைத்துக் கேட்டேன். எங்கள் தொழிலில் ஒரு துக்கம் இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு சம்பவம் இருக்கவேண்டும், சம்பவத்துக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கவேண்டும். அந்தச் சிநேகிதி உனக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டாள். அன்று மாலை நீ, படுத்தபடியே, கோபம்கூட இல்லாமல் சொன்னாய்: "நீங்க தேடுற ஆளு இல்ல அத்தா. யாரும் என்னை ஒண்ணும் செய்யல."

உங்கம்மா எதையும் விசாரிக்கவில்லை. மீன் குழம்பும் சோறும் பிசைந்து எடுத்துவந்து உன் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். நீ பேசினால் பேசினாள். பேசாவிட்டால் தெருவில் யார் வீட்டில் என்ன என்று தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். துக்கத்துக்குக் காரணம் தெரிந்தால்தான் அதன் பக்கத்தில் உட்காரமுடியும் என்று நான் நினைத்திருந்தேன். அவளுக்கு அப்படி ஒரு நிபந்தனை இல்லை.

பத்திரிகை அலுவலகத்தில் செய்தி எழுதுகிறவர்கள் வேறு, வானிலை பார்க்கிறவர்கள் வேறு. செய்தி என்றால் யார், எங்கே, ஏன் என்று கேட்கலாம். கடலில் காற்றழுத்தம் குறைந்தால் யார் குறைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நம் மனத்தில் வருவதும் இரண்டு வகை என்று எனக்குத் தோன்றியது. குழந்தை வீடு திரும்பாவிட்டால் வருகிற பயம் ஒரு செய்தி. வெளியே நடப்பதைப் பற்றி நமக்கு ஏதோ சொல்கிறது. காரணமே இல்லாமல் வந்து இறங்குகிற பாரம் வானிலை. நீ கொஞ்சம் தேறியபின் இந்தக் கண்டுபிடிப்பை உன்னிடம் பெருமையாகச் சொன்னேன். நீ கேட்டுவிட்டு, "அதுவும் சரியாகல அத்தா" என்றாய். "மழை வெளிய பெய்யும். நனையறதுக்கு ஒரு ஆளு வேணும்ல? அப்போ அந்த ஆளே இல்ல." அந்தப் பதிலுக்கு முன்னால் என் கண்டுபிடிப்பு நிற்கவில்லை. துக்கம் ஒரு மனிதருக்கு வருகிறது என்றுதான் நாம் பேசுகிறோம். வந்து சேரவேண்டிய அந்த மனிதரையே அது முதலில் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்பது, இவ்வளவு வயதுக்குப் பிறகு, உன்னிடமிருந்துதான் எனக்குத் தெரிந்தது.

ஆகவே படகில் நீ கேட்டது விளையாட்டுக் கேள்வி இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு முறை காணாமல் போய்த் திரும்பி வந்தவள் கேட்கிற கேள்வி அது. திரும்பி வந்திருப்பது அதே ஆள்தானா, அல்லது மாத்திரை கொண்டுவந்து உட்காரவைத்த வேறு யாரோவா என்று கேட்கிறாய்.

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நான் பள்ளிவாசலில் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறேன். அந்தத் தொழுகையை யாரும் நாற்காலியின் தொழுகை என்று சொல்வதில்லை. நாற்காலி உங்களுக்குள்ளே போகவில்லையே என்பாய். சரி, உள்ளே போகிற ஒன்றையே எடுத்துக்கொள்வோம். காலைச் சாயாவுக்கு முந்திய நான் ஒரு ஆள், பிந்திய நான் இன்னொரு ஆள் என்று உங்கம்மா சொல்லாத நாள் இல்லை. இதை எழுதும்போது சந்தேகம் வந்து, அடுக்களைக்குப் போய், அந்த இருவரில் யாரை அவள் கல்யாணம் செய்தாள் என்று கேட்டேன். அவள் குக்கரைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "ரெண்டு பேரையும்தான் கெட்டினேன். ஒருத்தருக்கு மட்டும் பொங்கினாப் போதும்னு இருந்தா நான் எப்பவோ தப்பிச்சிருப்பேன்" என்றாள். இது உன் கேள்விக்குப் பதில் இல்லை என்று தெரியும். ஆனால் பதில் இருக்கும் திசை அதுவாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் தொழிலில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது, உனக்குத் தெரியும். கோபத்திலோ துக்கத்திலோ ஒருவர் சொன்னதை நான் அன்றே அச்சுக்கு அனுப்பமாட்டேன். மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போய், நேற்று அவர் சொன்னதை அவருக்கே வாசித்துக் காட்டுவேன். இதைச் சொன்னது நீங்கள்தானா, இன்றைக்கும் சொல்கிறீர்களா என்று கேட்பேன். அலுவலகத்தில் எனக்கு 'மறுநாள்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மற்ற பத்திரிகைகள் சுடச்சுடப் போட்டுவிடும். என் செய்தி ஆறித்தான் வரும். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது இதை வைத்து என்னிடம் விளையாடுவாய். மிட்டாய் வாங்கித் தருவதாக நான் சொன்னதை மறுநாள் எனக்கே வாசித்துக் காட்டி, "நீங்கதானே சொன்னது?" என்பாய்.

பஜார் ரோட்டில் ஒரு சுக்கு வியாபாரியின் கிடங்கு எரிந்தது. நான் போனபோது தீயை அணைத்திருந்தார்கள். அவர் தெருவோரத்தில் நனைந்த சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். இனி இந்தத் தெருவில் கால் வைக்கமாட்டேன், என் பிள்ளைகளையும் வைக்க விடமாட்டேன், வியாபாரமே ஹராம் ஆகிவிட்டது எனக்கு என்றார். எழுதிக்கொண்டேன். மறுநாள் காலையில் போனால், கருகின சுவருக்கு முன்னால் மேசை போட்டு, யாரிடமோ போனில் புதுச் சரக்குக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். நேற்று சொன்னதை வாசித்தேன். "நானா சொன்னேன்?" என்றார். பிறகு, சொன்னது நான்தான், ஆனால் எடுத்துவிடுங்கள் என்றார். நான் எழுந்து வாசல் வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். "போட்டுக்கோங்க. நேத்து அப்படித்தான் இருந்துச்சு. இன்னைக்குக் கடை திறந்ததையும் சேத்துப் போடுங்க. ரெண்டும் நான்தான்."

அந்தச் செய்தியை நான் அப்படியே எழுதினேன். நேற்றைய மனிதர் பொய் என்றும் இன்றைய மனிதர் உண்மை என்றும் எழுதவில்லை, தலைகீழாகவும் எழுதவில்லை. அதுவரை, ஒவ்வொருவருக்குள்ளும் நிஜமான ஆள் ஒருவர் ஒளிந்திருக்கிறார், சரியான கேள்வி கேட்டால் வெளியே வருவார் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். அன்றுமுதல் அந்த நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிட்டது. உள்ளே தேடிப்போனால் பெரும்பாலும் யாரும் அகப்படுவதில்லை. சொன்ன சொல்லுக்கு மறுநாள் வந்து, ஆமாம், அது என்னுடையது என்று நிற்கிறாரே, அவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதர் என்பது அந்த நிற்றல்தான் என்று எனக்குப் படுகிறது. நான் தத்துவம் படித்தவனில்லை. என்னைவிட நன்றாகச் சொல்கிறவர்கள் இருப்பார்கள். இதை மறுக்கிறவர்களும் இருப்பார்கள்.

உன் விஷயத்தில் நான் சாட்சியாக இருந்த ஒன்றைச் சொல்கிறேன். உன்னைப் பெண் பார்க்க வருவதற்கு முன்பே, இடக்கொச்சியில் படகு என்ஜின் பழுதுபார்க்கிற அந்தப் பையனிடம் நீயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். மாத்திரை சாப்பிட்டால் தூக்கம் வருமா என்று மட்டும் அவன் கேட்டானாம். காலையில் வரும் என்றாயாம். "அப்போ எங்க வீடு செரிப்படாது. விடியறதுக்கு முன்னயே பட்டறையில சத்தம் தொடங்கிடும்" என்று உண்மையாகவே கவலைப்பட்டானாம். நீ அதைச் சொல்லிச் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்தச் சிரிப்பில்தான் எனக்கு இந்தச் சம்பந்தம் பிடித்தது. அதன்பிறகு மழைக்காலத்தில் உனக்கு மறுபடியும் முடியாமல் போனது. கல்யாணம் வேண்டாம், யாரும் வேண்டாம் என்றாய். டாக்டர் மருந்தை மாற்றித் தந்தார், தேறினாய், கல்யாணம் வேண்டும் என்றாய். இப்போது உனக்குள் நடக்கிற வழக்கு எனக்குப் புரிகிறது. வேண்டாம் என்றது நான், வேண்டும் என்றது மாத்திரை என்று யாரோ உனக்குள் உட்கார்ந்து வாதாடுகிறார்கள்.

அந்த வழக்கில் என் சாட்சியம் இது. வேண்டாம் என்று சொன்ன அதே நாட்களில் ஒரு நாள், நீ எழுந்து பல்கூட விளக்கவில்லை. உங்கம்மா ஊட்டிய இரண்டு வாயோடு போதும் என்று திரும்பிப் படுத்துக்கொண்டாய். நான் விளக்கை அணைக்கப் போனபோது என்னைக் கூப்பிட்டுச் சொன்னாய்: "அவங்களுக்குப் போன் பண்ணி நான் சாப்பிட்டேன்னு சொல்லிருங்க அத்தா. இல்லாட்டி பேடிச்சுப் போவாங்க." உனக்கு உன்மேல் அக்கறை இல்லாத நாள் அது. நீயே இல்லை என்று நீ சொல்கிற நாட்களில் ஒன்று. அன்றைக்கு அவன் பயந்துவிடுவானே என்று பயந்தது யார்? மாத்திரை அப்போது சரியாக வேலை செய்யவில்லை என்று டாக்டரே சொன்னார். அதனால் அது மாத்திரை இல்லை. வேண்டாம் என்று சொன்ன அதே வாய்தான் அவனுக்குச் சேதி அனுப்பியது. போன ஞாயிற்றுக்கிழமை, மாத்திரை நன்றாக வேலை செய்கிற நாளில், இந்தத் துணி பட்டறைச் சூட்டுக்கு ஆகாது, அவங்களுக்கு வியர்க்கும் என்று சட்டை சட்டையாக ஒதுக்கியதும் நீதான். இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் நீ அழவேண்டும் என்று சொன்னதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் நிக்காஹில் அழ ஆசைப்படுகிற பெண்ணிடம், நீ சந்தோஷமாகத்தானே இருக்கிறாய், அழுவானேன் என்று கேட்பது முட்டாள்தனம். மேசையைப் போல உட்கார்ந்திருந்தேன் என்று நீ சொன்னது எனக்கு வலித்தது. அது டாக்டருக்குத் தெரியவேண்டிய செய்தி. நீ இன்னும் அவரிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். மருந்தைக் குறைக்கலாமா, மாற்றலாமா, இப்போது கூடாதா என்பதை அவரும் நீயும் உட்கார்ந்து பேசவேண்டும். எனக்கு அதில் அறிவு இல்லை. தானாக நிறுத்தினால் உடம்பும் மனசும் படுகிற பாட்டை அவர் நம் இருவரிடமும் முன்பே சொல்லியிருக்கிறார். தகப்பன் என்ற அதிகாரத்தில் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: தனியாக நிறுத்தாதே. உன் முடிவு உன்னுடையதாக இருக்கவேண்டும் என்கிறாய். ஒருவரைக் கேட்டுக்கொண்டு எடுத்த முடிவும் நம்முடைய முடிவுதான். நான் உங்கம்மாவைக் கேட்காமல் எடுத்த முடிவுகள் எதிலும் நான் பெரிதாக என்னைக் கண்டுபிடித்ததில்லை.

நிக்காஹ் அன்று நடக்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன். வெளியே மாப்பிள்ளையும் ஜமாஅத்தாரும் உட்கார்ந்திருப்பார்கள். நான் சாட்சிகளோடு உள்ளே வருவேன். பெண் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தால் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு போவது வழக்கம். நான் அப்படிப் போகமாட்டேன். உன் குரலைக் கேட்கும்வரை நிற்பேன். வெளியே பிரியாணி ஆறினால் ஆறட்டும். நீ அழுதுகொண்டு சொன்னாலும், அழாமல் சொன்னாலும், வேண்டாம் என்றே சொன்னாலும், வெளியே போய் அதைச் சொல்கிறவன் நான். சொல்லை மாற்றாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையைத்தான் இத்தனை காலம் செய்திருக்கிறேன்.

இதுவரை எழுதியதை நேற்று சாயங்காலம் உன்னிடம் கொடுத்தேன். வேலையிலிருந்து வந்த களைப்போடு, விரலை வரிவரியாக நகர்த்திக்கொண்டு படித்தாய். பாதியில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தாய். எந்த இடத்தில் எழுந்தாய் என்று எட்டிப் பார்க்க ஆசையாக இருந்தது, பார்க்கவில்லை. முடித்ததும், பட்டறைச் சத்தம் பற்றி எழுதியதை மாமியார் படித்தால் என்ன நினைப்பார் என்று கேட்டாய். பேர்தான் போடவில்லையே என்றேன். இடக்கொச்சியில் எத்தனை பட்டறை இருக்கிறது என்று நினைக்கிறீர்கள் என்றாய். அதுவும் சரிதான். எடுத்துவிடவா என்றேன். "வேண்டாம், இருக்கட்டும். அவங்களுக்கு அது பிடிக்கும்" என்றாய், மாமியாரை அல்ல, அவனைச் சொல்லி.

பிறகு தாளை மடித்து என்னிடம் தந்துவிட்டு, சனிக்கிழமை டாக்டரிடம் நேரம் வாங்கியிருப்பதாகச் சொன்னாய். அழுகை வராததையும் சொல்லப்போகிறாயாம். நானும் வரலாமாம், ஆனால் வெளியே உட்காரவேண்டுமாம்; உள்ளே விட்டால் டாக்டரைப் பேட்டி எடுத்துவிடுவேனாம். அதுவரை மாத்திரை வழக்கம்போல் போகட்டும் என்றாய். நான் தலையை ஆட்டினேன்.

அறைக்குள் போனவள் வாசலில் நின்று திரும்பினாய். "அன்னைக்கு வந்து கேளுங்க அத்தா. அப்போ உள்ள யாரு இருக்காங்களோ, அவங்க சொல்லுவாங்க."

எழுதிக்கொண்டேன். இன்று காலை, நீ கடைக்குப் புறப்பட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, அந்த வரியை உனக்கு வாசித்துக் காட்டினேன். வாரை இழுத்துப் போட்டுக்கொண்டு, நிமிராமலே, "நான்தான் சொன்னேன்" என்றாய்.